அமெரிக்கக் கிறிஸ்தவப் பல்கலைக்கழகங்கள்: கொடுக்கும் காசுக்குத் தேறுமா?

அமெரிக்காவில் கிறிஸ்தவப் பல்கலைக்கழகம் என்ற பெயரில் ஆண்டுக்கு 7,000 டாலர் அளவில் வாங்கும் இடமும் உண்டு, 60,000 டாலருக்கு மேல் வாங்கும் இடமும் உண்டு. பாடத்தரத்தில் இவ்வளவு இடைவெளி கிடையாது. ஒரு மாணவரைப் படிக்க வைக்க ஆகும் செலவு இடத்துக்கு இடம் மாறும், ஆனால் அது மட்டும் காரணமல்ல. மாணவர் கட்டியதுபோக மீதியை யார் கட்டுகிறார்கள் என்பதில்தான் பெரிய வித்தியாசம் வருகிறது. சில இடங்களில் சபை கட்டுகிறது. சில இடங்களில் பழைய நன்கொடையின் வட்டி கட்டுகிறது. சில இடங்களில் மாணவர் தன் உழைப்பால் கழிக்கிறார். பெரும்பாலான இடங்களில் பெற்றோர் கடன் வாங்கிக் கட்டுகிறார்கள். ஒரு கல்லூரியை எடைபோட இந்த ஒரு கேள்வியே பாதி வேலையை முடித்துவிடும்.

சபை கட்டும் இடத்துக்கு முதல் உதாரணம் யூட்டா மாநிலத்தின் புரோவோவில் உள்ள பிரிகாம் யங் பல்கலைக்கழகம். மார்மன்கள் என்று பரவலாக அறியப்படும் பிற்காலப் பரிசுத்தவான்களின் சபை இதை நடத்துகிறது. (இவர்களைக் கிறிஸ்தவர்களாகக் கணக்கில் சேர்க்கலாமா என்று மற்ற சபைகள் வாதிடும். இங்கே பேசுவது காசுக் கணக்கு மட்டும்.) உறுப்பினர்கள் வருமானத்தில் பத்தில் ஒரு பங்காகக் கொடுக்கும் தசமபாகத்திலிருந்து மானியம் போவதால் சபைப் பிள்ளைகளுக்கு ஆண்டுக் கல்விக் கட்டணம் 7,000 டாலர் அளவில் நிற்கிறது. வெளியாருக்கு அதில் இரண்டு மடங்கு. அப்படியும் பல மாநிலப் பல்கலைக்கழகங்கள் வெளிமாநில மாணவரிடம் வாங்குவதைவிட இது எவ்வளவோ குறைவு. கணக்கியல் துறைக்கு நாடு முழுக்கப் பெயர் உண்டு, பெரிய தணிக்கை நிறுவனங்கள் ஆள் எடுக்க அங்கே தவறாமல் போகின்றன. காசுக்குக் கிடைக்கும் மதிப்பு என்று மட்டும் பார்த்தால் இந்தப் பட்டியலில் இதை மிஞ்ச ஆளில்லை.

ஆனால் விலைப்பட்டியலில் எழுதாத நிபந்தனைகள் உண்டு. காபி, டீ, மது, தாடி எதுவும் கூடாது. 14 கிரெடிட் (பாட அலகு) சமயப் பாடம் கட்டாயம். சபைத் தலைவர் ஒருவரின் ஒப்புதலைத் தொடர்ந்து புதுப்பிக்க வேண்டும். சபைப் பிள்ளையாகச் சேர்ந்த ஒருவர் படிப்பின் நடுவில் சபையை விட்டு விலகினால் அந்த ஒப்புதல் கிடைக்காது, படிப்பும் நின்றுபோகும். நம்பிக்கையில் ஊசலாட்டம் உள்ள பிள்ளைக்கு இது பணத்திலும் ஆபத்தான இடம். இன்னொன்று: காலேஜ் ஸ்கோர்கார்டு என்ற அரசுத் தளம் காட்டும் வருமானம், மாணவர் சேர்ந்து 10 ஆண்டு கழித்து எடுக்கும் கணக்கு. இங்கே பலர் ஒன்றரை அல்லது இரண்டு ஆண்டு ஊழியப் பயணம் போய்வருகிறார்கள். அதனால் அந்த எண்ணில் இவர்களின் வேலை அனுபவம் மற்றவர்களைவிடக் குறைவாகவே பதிவாகிறது. எண் சற்றுத் தாழ்ந்து தெரிந்தால் பயப்பட வேண்டாம்.

உழைத்துக் கழிக்கும் வகையில் இரண்டு பெயர்கள். கென்டக்கியில் உள்ள பெரியா கல்லூரி 1855-இல் அடிமைமுறைக்கு எதிரான ஒரு போதகர் தொடங்கியது, 1892 முதல் கல்விக் கட்டணமே வாங்குவதில்லை. மிசௌரியில் உள்ள காலேஜ் ஆஃப் தி ஓசார்க்ஸும் அப்படித்தான். பெயரில் கல்லூரி என்றிருந்தாலும் இளங்கலைப் பட்டத்தின் காசுக் கணக்கில் அது பொருட்டல்ல. பெரியாவில் வாரம் குறைந்தது 10 மணி நேர வேலை. ஓசார்க்ஸில் வாரம் 15 மணி நேரம், அதற்கு மேல் ஆண்டுக்கு இரண்டு முழு வாரம், ஒவ்வொன்றிலும் 40 மணி நேரம். சமையலறை, பண்ணை, அலுவலகம் என்று எங்கே போட்டாலும் போக வேண்டும். விடுதிச் சாப்பாட்டுச் செலவு தனி, இலவசம் என்ற சொல் கல்விக் கட்டணத்தோடு நின்றுவிடும். ஓசார்க்ஸ் அரசுக் கடன் வசதியே தருவதில்லை, கடனோடு வெளியே போகாதே என்பது அவர்கள் கொள்கை. இரண்டு இடமும் பெரும்பாலும் வசதி குறைந்த குடும்பங்களைத்தான் எடுக்கும். ஆண்டுக்கு ஒன்றரை லட்சம் டாலர் சம்பளம் வாங்கும் வீட்டுப் பிள்ளை விண்ணப்பித்துப் பயனில்லை. ஆய்வகத் தேர்வும் வேலை நேரமும் முட்டிக்கொள்ளும் என்பதால் அறிவியல் எடுப்பவர்கள் முதலாண்டுப் பாடச்சுமையைக் குறைத்து வைத்துக்கொள்வது நல்லது.

நன்கொடை வட்டியில் ஓடும் வகைக்கு நோட்டர் டேம். இந்தியானாவில் உள்ள கத்தோலிக்கப் பல்கலைக்கழகம், விடுதியும் சேர்த்தால் ஆண்டுக்கு 80,000 டாலரைத் தாண்டும் விலை. ஆனால் குடும்பத்தின் தேவை எவ்வளவு என்று கணக்கிடுகிறதோ அதை முழுக்க ஈடுசெய்கிறது. 2024-இல் உதவித் தொகுப்பிலிருந்து கடனை எடுத்துவிட்டதாகவும், வெளிநாட்டு மாணவர் உட்பட யாரையும் பணவசதி பார்க்காமல் சேர்ப்பதாகவும் அறிவித்தது. நடுத்தர வருமானக் குடும்பத்துக்கு இது பாதி விலைக் கல்லூரியைவிட மலிவாக முடியலாம். இடம் கிடைப்பதுதான் குதிரைக்கொம்பு.

இனி, பெரும்பாலான குடும்பங்கள் மாட்டிக்கொள்ளும் நடுத்தட்டு. பட்டியல் விலை உயரம், நன்கொடை நிதி சுமார், கையில் வரும் கடிதத்தில் பெரிய உதவித்தொகை. ஆடித் தள்ளுபடிக் கடையில் விலையை ஏற்றி ஒட்டிவிட்டுக் குறைப்பது போலத்தான். கல்லூரி நிதி அலுவலர்களின் தேசியச் சங்கத்தின் 2024-25 கணக்குப்படி தனியார் கல்லூரிகள் முதலாண்டு மாணவருக்குத் தரும் சராசரித் தள்ளுபடி கட்டணத்தில் 56 சதவீதம். ஆகவே "உங்கள் மகளுக்கு 20,000 டாலர் தகுதி உதவித்தொகை" என்று கடிதம் வந்தால் உச்சிகுளிர வேண்டாம், பக்கத்து வீட்டுப் பையனுக்கும் அதே கடிதம் போயிருக்கும். நியூயார்க் மாநிலத்தின் ஹவுட்டன் 2021-இல் இந்த விளையாட்டை விட்டுவிட்டுப் பட்டியல் விலையைப் பாதிக்கும் கீழே, 15,900 டாலருக்கு இறக்கியது. நேர்மையான செயல். மற்றவர்கள் அவ்வளவாகப் பின்பற்றவில்லை, ஏனென்றால் பெற்றோருக்கும் பெரிய உதவித்தொகை என்ற பெருமை பிடித்திருக்கிறது.

அந்தக் கடிதத்தை எப்படிப் படிப்பது என்று ஒரு மாதிரி வைத்துப் பார்க்கலாம். கட்டணம் 42,000, விடுதி-சாப்பாடு 14,000, புத்தகம்-போக்குவரத்து 4,000. மொத்தம் 60,000 டாலர். கீழே வரும் வரிகள்: தகுதி உதவித்தொகை 20,000, மாநில மானியம் 3,000, சபை கொடுத்ததற்கு ஈடாகக் கல்லூரி போடும் தொகையும் சேர்த்து 1,000, மாணவர் அரசுக் கடன் 5,500, வளாக வேலை 2,500, பேரன்ட் பிளஸ் கடன் (பெற்றோர் தங்கள் பெயரில் வாங்கும் அரசுக் கடன்) 28,000. கடைசி வரி: நீங்கள் கட்ட வேண்டியது பூஜ்யம்.

பூஜ்யம் அல்ல. திருப்பித் தரவேண்டாத பணம் முதல் மூன்று வரிகள் மட்டும், ஆக 24,000. வளாக வேலை என்பது செமஸ்டர் முழுக்க உழைத்தபின் சம்பளமாகக் கைக்கு வருவது, ஆகஸ்டில் வரும் பில்லில் அது கழியாது. கடன் கடன்தான். உண்மை விலை 36,000 டாலர். அதை நான்கால் பெருக்கி 1,44,000 என்று நிறுத்துவதும் பிசகு. செலவு ஆண்டுக்கு 4 சதவீதம் ஏறி, உதவித்தொகை அதே 24,000-இல் நின்றால் இரண்டாம் ஆண்டு 38,400, மூன்றாம் ஆண்டு 40,896, நான்காம் ஆண்டு 43,492. மொத்தம் 1,58,788. தள்ளுபடி நிலையான தொகை, விலை ஏறும் தொகை. இந்த ஒரு இடத்தில்தான் பெரும்பாலான குடும்பக் கணக்குகள் இடறுகின்றன. உதவித்தொகை தொடர எத்தனை ஜிபிஏ (4-க்குக் கணக்கிடும் மதிப்பெண் சராசரி) வேண்டும் என்பதையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். 3.0 என்றால் சமாளிக்கலாம். பொறியியல் மாணவரிடம் 3.5 கேட்கும் உதவித்தொகையை முதலாண்டோடு முடிந்ததாக வைத்துக் கணக்குப் போடுவதே பாதுகாப்பு.

பேரன்ட் பிளஸ் கடன்தான் இதில் விஷம். 2025-26-க்கு வட்டி 8.94 சதவீதம், எடுக்கும்போதே நான்கு சதவீதத்துக்கு மேல் கட்டணமாகப் பிடிப்பார்கள். 2025 சட்டப்படி, 2026 ஜூலை 1 முதல் புதிதாக வாங்குவோருக்குப் பிள்ளைக்கு ஆண்டுக்கு 20,000, மொத்தம் 65,000 டாலர் என்பதே உச்சவரம்பு. மேலே உள்ள மாதிரிக் கடிதத்தின் 28,000 இனி நடக்காது. ஆண்டுக்கு 20,000 எடுத்தாலும் நான்காம் ஆண்டுக்கு 5,000 மட்டுமே மிஞ்சும், அப்போது தனியார் வங்கிக் கடன்தான் வழி. 65,000 டாலரை 10 ஆண்டில் அடைக்க மாதம் ஏறக்குறைய 820 டாலர். மாணவர் தன் பெயரில் நான்கு ஆண்டுக்கு 27,000 எடுத்திருந்தால், 6.39 சதவீத வட்டியில் அவருக்கு மாதம் 305.

டெக்சஸின் வேக்கோவில் உள்ள பெய்லர் இந்தத் தட்டின் உச்சியில் நிற்கிறது. 1845-இல் தொடங்கிய பாப்டிஸ்ட் பல்கலைக்கழகம், கல்விக் கட்டணம் மட்டுமே 55,000 டாலருக்கு மேல். ஆய்வு, விளையாட்டு, பழைய மாணவர் வலை எல்லாம் பலமானவை. டெக்சஸில் வணிகத்துறை வேலை தேடுவோருக்கு அந்தப் பெயர் கதவு திறக்கும் என்பதில் ஐயமில்லை. ஆனால் பெற்றோர் கடன் பெருத்த இடம் என்று 2021-இல் நாளேடுகளில் பேசப்பட்டதும் இதுதான். ஸ்கோர்கார்டில் மாணவர் கடன் என்று பார்க்கும் எண்ணில் பேரன்ட் பிளஸும் தனியார் கடனும் சேராது. பெற்றோர் கடனைத் தனியாகத் தேடி எடுத்துக் கூட்டிப் பார்க்க வேண்டும். தகுதி உதவித்தொகை பெரிதாக வந்தால் பெய்லர் சரி. முழு விலைக்கு, குறிப்பாக ஆசிரியப் பயிற்சிக்கோ சமூகப் பணிக்கோ, வேண்டாம்.

அதே ஸ்கோர்கார்டில் நிகர விலையின் சராசரியை விட்டுவிட்டு வருமானப் பிரிவுவாரியாகப் பாருங்கள். 1,10,000 டாலருக்கு மேல் என்ற கடைசிப் பிரிவில்தான் அங்குள்ள தமிழ் மென்பொருள் குடும்பங்களில் பெரும்பாலானவை வரும், அங்கே எண் சராசரியைவிடப் பல ஆயிரம் கூடியிருக்கும். கல்லூரியின் தளத்தில் நிகர விலைக் கணிப்பான் இருக்க வேண்டும் என்பது 2011 முதல் சட்டம். ஐந்தாறு கேள்வியோடு முடியும் கணிப்பான் ஒப்புக்கு வைத்தது. மதிப்பெண்ணும் சேமிப்பும் கேட்பதுதான் கிட்டத்தட்டச் சரியாகச் சொல்லும்.

அரசுப் பணமே வேண்டாம் என்ற கொள்கைக்காரர்கள் தனி. பென்சில்வேனியாவின் குரோவ் சிட்டி 1984-இல் உச்ச நீதிமன்றம் வரை வழக்காடிய கல்லூரி. பெல் கிராண்டும் (வசதி குறைந்த மாணவருக்கு மத்திய அரசு தரும் மானியம்) கிடையாது, அரசுக் கடனும் கிடையாது, ஆனால் கல்விக் கட்டணத்தின் பட்டியல் விலையே ஏறக்குறைய 20,000 டாலர் வட்டத்தில். ஸ்கோர்கார்டில் இதைத் தேடினால் கிடைக்காது. பெல் கிராண்டுக்குத் தகுதியுள்ள குடும்பம் அதை இழப்பதையும் விலையில் சேர்த்துக்கொள்ள வேண்டும். கடன் எடுத்தால் தனியார் கடன்தான், வருமானத்துக்கு ஏற்பக் கட்டும் சலுகை அதில் இல்லை. கையில் ரொக்கம் உள்ள குடும்பத்துக்குச் சுத்தமான பேரம்.

இணையவழியில் இரண்டு மலைகள்: வர்ஜீனியாவின் லிபர்ட்டி, அரிசோனாவின் கிராண்ட் கேன்யன். லிபர்ட்டி 1971-இல் தொடங்கியது. இணையவழி இளங்கலைக்கு முழுநேர மாணவருக்குக் கிரெடிட் 390 டாலர், பகுதிநேரத்துக்கு 455 என்ற அளவில் வைத்திருக்கிறது. 120 கிரெடிட்டையும் அங்கேயே முழுநேரமாக எடுத்தால் 46,800. அப்படி எடுக்கத் தேவையில்லை. பட்டத்தில் முக்கால் பங்கு வரை வெளியிலிருந்து மாற்றிக்கொள்ளலாம். சமுதாயக் கல்லூரியிலும் கிளெப் தேர்வுகளிலும் (வகுப்புக்குப் போகாமல் தேர்வு எழுதியே கிரெடிட் வாங்கும் முறை) 90 கிரெடிட் சேர்த்துக்கொண்டு போனால் லிபர்ட்டிக்குக் கட்டும் கல்விக் கட்டணம் 30 கிரெடிட்டுக்கு 11,700 மட்டும். கிளெப் தேர்வுக் கட்டணம் நூறு டாலருக்குள், மையக் கட்டணம் தனி. ஆனால் எந்தத் தேர்வுக்கு எத்தனை கிரெடிட், எந்தப் பாடத்துக்கு ஈடு என்பதைத் தேர்வு எழுதும் முன் பதிவாளர் அலுவலகத்தில் எழுத்தில் வாங்க வேண்டும். இல்லாவிட்டால் எல்லாம் விருப்பப்பாடமாக விழுந்து, முதன்மைப் பாடத்துக்கு ஒன்றும் கழியாது. வேலையில் இருந்துகொண்டு பதவி உயர்வுக்குப் பட்டம் வேண்டுபவருக்கு இது நல்ல சரக்கு. வளாக வாழ்க்கை தேடுபவர், வளாகக் குற்றங்களை அறிவிக்கும் சட்டத்தை மீறியதற்காக 2024-இல் லிபர்ட்டிக்கு 1.4 கோடி டாலர் அபராதம் விழுந்ததையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

கிராண்ட் கேன்யனின் வளாகக் கட்டணம் 16,500 டாலர் அளவில் நெடுங்காலம் ஏறாமல் நிற்கிறது. இளங்கலைக்கு அது நியாயமான விலை, செவிலியர் படிப்புக்கு இன்னும் நியாயம். எச்சரிக்கை முனைவர் பட்டத்துக்கு. விளம்பரத்தில் சொன்ன தொகைக்குள் முடித்தவர்கள் 2 சதவீதத்துக்கும் குறைவு என்று சொல்லி, கல்வித்துறை 2023 அக்டோபரில் 3.77 கோடி டாலர் அபராதம் போட்டது. பல்கலைக்கழகம் மறுத்து மேல்முறையீடு செய்தது, 2025 மே மாதம் அபராதம் திரும்பப் பெறப்பட்டது. வழக்கு பல்கலைக்கழகத்தின் பக்கம் முடிந்தாலும் செலவு ஏறும் வழி ஒன்றுதான், வேறு பல பல்கலைக்கழகங்களுக்கும் அது பொருந்தும்: பாடங்களை முடித்தபின் ஆய்வேடு இழுக்கும். இழுக்கும் ஒவ்வொரு பருவத்துக்கும் 'தொடர்ச்சிப் பாடம்' என்று பணம் கட்ட வேண்டும். முனைவர் பட்டத்தில் சேரும் முன் சராசரியாக எத்தனை தொடர்ச்சிப் பாடம் ஆகிறது, ஒன்றுக்கு எவ்வளவு என்ற இரண்டையும் கேளுங்கள். நேரான பதில் வராவிட்டால் அதுவே பதில்.

எந்தத் தட்டாக இருந்தாலும் எடுக்கும் பாடம்தான் லாப நட்டத்தைப் பெரிதும் முடிவு செய்கிறது. செவிலியரின் சம்பளத்தை உரிமமும் ஊரும் தீர்மானிக்கின்றன, கல்லூரிப் பெயர் அல்ல. எனவே அங்கீகாரமுள்ள மலிவான இடமே செவிலியருக்குச் சிறந்த இடம். பொறியியலுக்கு ஏபெட் அங்கீகாரம் உண்டா பாருங்கள், கால்வின், சீடர்வில், லெட்டூர்னோ, பெய்லர் எல்லாவற்றிலும் உண்டு. ஊழியம், இறையியல், இளைஞர் பணி எடுப்பவர்கள் இளங்கலைக்கு 27,000 டாலருக்கு மேல் கடன் வாங்கவே கூடாது. அவர்களுக்குச் சாதகமான ஒரு மாற்றம் பலருக்குத் தெரிவதில்லை: பொதுச்சேவைக் கடன் தள்ளுபடியில் ஆராதனை, மதபோதனை நேரங்களைக் கழித்துவிடும் விதி 2021 ஜூலையில் போய்விட்டது. லாபநோக்கற்ற சபையில் முழுநேரம் வேலை செய்து 120 தவணை கட்டினால் மீதி அரசுக் கடன் தள்ளுபடியாகும்.

சமயப் பாடக் கிரெடிட்டுக்கும் விலை உண்டு. பெய்லரிலும் நோட்டர் டேமிலும் இரண்டு பாடத்தோடு முடிகிறது, சீடர்வில்லில் 15 கிரெடிட் வேதாகமத் துணைப்பாடம் எல்லோருக்கும் கட்டாயம். விரும்பிப் படிப்பவருக்கு அது வரவு. நடுவில் மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு மாறினால் இந்தக் கிரெடிட்டுகள் பெரும்பாலும் பட்டத்துக்கு உதவாமல் போகும், அரை ஆண்டுக் கட்டணம் காற்றில். வேதாகமக் கல்லூரிகளுக்கான தனி அங்கீகார அமைப்புகளின் முத்திரை மட்டும் உள்ள இடங்களில் இது இன்னும் மோசம். அரசு அவற்றை ஏற்றாலும் மாநிலப் பல்கலைக்கழகங்கள் அந்தக் கிரெடிட்டுகளை ஏற்கத் தயங்கும்.

மூடுவிழா ஆபத்தையும் பாருங்கள். போர்ட்லண்டின் கன்கார்டியா 2020-இல், நியூயார்க்கின் அலையன்ஸ் 2023-இல், மெதடிஸ்ட் கல்லூரியான பர்மிங்காம்-சதர்ன் 2024-இல் மூடப்பட்டன. இலினாயின் டிரினிட்டி கிறிஸ்டியன் கல்லூரி 2025 நவம்பரில் மூடல் அறிவிப்பு விட்டது. கல்வித்துறை ஒவ்வொரு தனியார் கல்லூரிக்கும் நிதிப் பொறுப்பு மதிப்பெண் வெளியிடுகிறது, அளவுகோல் மைனஸ் 1 முதல் 3 வரை. 1.5-க்குக் கீழே என்றால் யோசிக்க வேண்டும், 1-க்குக் கீழே என்றால் நகர்ந்துவிட வேண்டும். அத்தோடு ஐந்தாண்டு மாணவர் எண்ணிக்கையையும் பாருங்கள். ஆண்டுக்காண்டு சரிகிற இடம், உங்கள் கையில் தரும் பெரிய தள்ளுபடியைத் தன் கையிருப்பிலிருந்து எடுத்துத் தருகிறது. படிக்கும்போது கல்லூரி மூடினால், வேறிடத்தில் ஒப்பந்தப்படி படிப்பை முடிக்காதவருக்கு அரசுக் கடன் தள்ளுபடி உண்டு. தனியார் கடனுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை.

தமிழ்நாட்டிலிருந்து எஃப்-1 மாணவர் விசாவில் போகிறவருக்கும், பெற்றோரின் வேலை விசாவை ஒட்டிய எச்-4 விசாவில் இருக்கும் பிள்ளைக்கும் பெல் கிராண்ட், அரசுக் கடன் இரண்டும் கிடையாது, பச்சை அட்டை வந்தபின்தான் உண்டு. எஃப்-1 மாணவர் விசாவுக்குக் கல்லூரி தரும் ஐ-20 படிவத்தை வாங்க முதலாண்டுச் செலவு முழுவதற்கும் பணம் காட்ட வேண்டும். இவர்களுக்கு மேலே சொன்ன நடுத்தட்டு அநேகமாகக் கட்டுப்படியாகாது. இவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடங்கள்: வெளிநாட்டு மாணவரின் முதலாண்டுச் செலவை ஏற்கும் பெரியா, தேவையை முழுதாக ஈடுசெய்யும் நோட்டர் டேம், சபைப் பிள்ளைக்கு பிரிகாம் யங். அதற்கடுத்து ஒரே கேள்வி, தகுதி உதவித்தொகை வெளிநாட்டவருக்கும் அதே அளவா என்பது. பல இடங்களில் அளவு வேறு.

உதவிக் கடிதங்கள் வந்தபின், வழக்கமாக முன்பணம் கட்டும் கடைசி நாளான மே 1-க்குள் பேரம் பேச இடமுண்டு. நிதி உதவி அலுவலகத்துக்கு எழுதுங்கள், தொலைபேசியில் பேசி விடாதீர்கள். அதே தரத்திலுள்ள இன்னொரு கிறிஸ்தவக் கல்லூரியின் கடிதத்தை இணைத்து, எத்தனை டாலர் வித்தியாசம் என்று குறிப்பிட்டு, அது குறைந்தால் முன்பணம் கட்டத் தயார் என்று சொல்லுங்கள். வேலை இழப்பு, மருத்துவச் செலவு இருந்தால் ஆதாரம் வையுங்கள். வெளி உதவித்தொகை வந்தால் தங்கள் உதவியைக் குறைத்துக்கொள்வார்களா என்பதையும் அதே மின்னஞ்சலில் கேளுங்கள். குறைப்பார்கள் என்றால் சபைச் சகோதரர்கள் திரட்டிக் கொடுத்த ஆயிரம் டாலர் உங்களுக்கு வராது, கல்லூரியின் கணக்கில்தான் சேரும்.